தேடப்பட்டவர்களின் விக்கல்

உப்பளத்துறை நகரக் குடிநீர் வாரியத்தின் மெயின்ஃபிரேம் கணிப்பொறியில் சொல் தேடும் மென்பொருள் முதன்முதலாக ஓடிய செவ்வாய்க்கிழமை காலையில், ஊரின் நாலா மூலைகளிலும் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத பலருக்கு ஒரே நொடியில் விக்கல் வந்தது. மாதா கோயில் பூசையில் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்த பங்குச்சாமியாருக்கு வந்தது, ஏலக்கூடத்தில் சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வந்தது, மாப்பிள்ளைச் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு வந்தது, பள்ளிவாசல் தெருவில் மாவு அரைத்துக்கொண்டிருந்த மில்காரருக்கும் வந்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்கள், மறந்தும் போனார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நினைத்தது குடிநீர் வாரியம்.

அந்தக் கணிப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஃபிலோமினா. வாரியத்தின் பின்கட்டில், எந்த வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார வேண்டிய குளிர் அறையில், இரட்டைப் பீரோ உயரத்தில் அது நின்றது. ஊரார் கொடுத்த குடிநீர்ப் புகார்கள் எல்லாம், அவர்கள் சொன்ன சொல் மாறாமல், வருடக்கணக்காக அதற்குள் சேர்ந்து கிடந்தன. புகார் எண்ணைச் சொன்னால் புகாரை எடுத்துக் கொடுக்கும், எண் இல்லாவிட்டால் கொடுக்காது. எண் எழுதிய சீட்டை ஊரில் யாரும் பத்திரப்படுத்தி வைத்ததில்லை என்பதால் உள்ளே போன புகார் உள்ளேயே இருந்தது. எந்தெந்தத் தெருவில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று தலைநகரிலிருந்து ஒருமுறை கேட்டபோது வாரியத்தில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் தேடும் மென்பொருளை வாங்கினார்கள்.

வாங்குவது எளிதாக இருந்தது, ஏற்றுவது எளிதாக இல்லை. முதலில் நினைவகம் போதவில்லை என்றது. அதை ஒதுக்கிக் கொடுத்தால், தேடல் சர்வர் எழுந்து ஒரு பெருமூச்சு விட்டமாதிரி ஒரு வரி எழுதிவிட்டு அணைந்துபோனது. அதையும் சரிக்கட்டிய பிறகு எழுத்துத் தகராறு வந்தது. ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத காலத்தில் பிறந்த இயந்திரம் அது. தமிழ் எழுத்துகளை நசுங்கிய எறும்புகளைப் போல ஏதோ குறிகளாகத்தான் வைத்திருந்தது, மென்பொருளுக்கோ அந்தக் குறிகள் புரியவில்லை. ஃபிலோமினா உட்கார்ந்து இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு மாற்று அட்டவணை எழுதினாள். அதன் பிறகு இயந்திரம் எல்லாப் புகார்களையும் மறுபடி முதலிலிருந்து படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் புகாரில் இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சொல்லடைவு கட்டிக்கொண்டது. தண்ணீர், குழாய், ஐயா, வணக்கம், ஆவன செய்யவும் ஆகிய சொற்கள் எல்லாப் புகாரிலும் இருந்ததால், தேட வேண்டாத சொற்கள் என்று அவற்றை அவள் ஒதுக்கிவைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் முதலில் தேடிப் பார்த்த சொல் 'புழு'. திரை நிறையப் புகார்கள் வந்தன. அவளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவதாகச் 'சேறு' என்று அடித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நூர்தீனுக்கு விக்கல் வந்தது. நூர்தீன் புகார் மனுக்களை வாங்கிக் கணிப்பொறியில் ஏற்றுகிறவர், அவளைவிட மூத்தவர், அந்தப் பக்கத்து வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடுவதுபோல் அவள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அவர் குடித்தார், விக்கல் நின்றது. இன்னொருமுறை அதே சொல்லைத் தேடினாள், இன்னொருமுறை விக்கினார்.

"எங்க வீட்டுக் குழாயில சேறு வருதுன்னு ஒருநாள் நானும் எழுதிக் கொடுத்திருக்கேன்," என்றார் நூர்தீன் யோசித்துவிட்டு. "வேற வார்த்தை போட்டுப் பாரும்மா."

வேறு வார்த்தைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி 'சேறு' என்று போட்டாள், விக்கினார். ஃபிலோமினா அன்று மாலை எழுதிய நிறுவல் அறிக்கையில், மென்பொருள் சரியாக இயங்குகிறது என்றும், பக்கவிளைவு விக்கல் என்றும், ஒரு தேடலுக்கு ஒரு விக்கல் வீதம் அந்தச் சொல்லை எழுதிய அனைவருக்கும் வருகிறது என்றும் குறிப்பிட்டாள். செயற்பொறியாளர் கோமதிநாயகம் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு விஷயம் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு டவுன் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரும் பின்சீட்டுப் பெண்ணும் படியில் தொங்கிக்கொண்டிருந்தவரும் ஒரே நேரத்தில் விக்கினார்கள், கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பின்சீட்டுப் பெண் தயங்கித் தயங்கி, நீங்களும் புழுவா என்று கேட்டாள். ஆமாம், அவர்களும் புழுதான். மூவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி ஒன்றாக வாரியத்துக்கு நடந்தார்கள். அப்படித்தான் அது தொடங்கியது. சாக்கடை வாசக்காரர்கள் ஒரு கூட்டமானார்கள், மஞ்சள் தண்ணீர்க்காரர்கள் ஒரு கூட்டமானார்கள், பிரஷர் இல்லாதவர்கள் மூன்று வார்டுகளிலிருந்து வந்து ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். விக்கல் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம், புகார் கொடுத்திருக்கிறீர்களா என்று டாக்டர்கள் முதலில் கேட்டார்கள். பழுதுபார்க்கிற ஆட்கள் தெரு தெருவாக விசாரித்துத் திரிகிற வேலையும் போயிற்று, ஏனென்றால் அலுவலகத்தில் ஒரு சொல்லைத் தேடிய உடனே அந்தச் சொல்லுக்குரியவர்கள் விக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வண்டி எப்போது வரும் என்று பார்த்து நின்றார்கள். வண்டியும் வந்தது. வராமல் இருக்க முடியாது. உங்கள் புகாரை நாங்கள் பார்க்கவில்லை என்று விக்கல் வந்தவனிடம் எப்படிச் சொல்வது?

அந்த வருடம் உப்பளத்துறையில் குழாய்கள் மாற்றப்பட்டன, தொட்டிகள் கழுவப்பட்டன, மஞ்சள் தண்ணீர் வந்துகொண்டிருந்த தெருக்களில் தண்ணீர் தண்ணீரின் நிறத்தில் வந்தது. கோமதிநாயகத்துக்கு அது பெருமையாகவும் இருந்தது, தூக்கம் வராமலும் இருந்தது. "முன்னெல்லாம் ஊரு நம்மளைத் திட்டும், இப்ப விக்குது," என்று ஃபிலோமினாவிடம் ஒருநாள் சொன்னார். "திட்டுனாக்கூட வீட்டுக்குப் போனா மறந்துரலாம்மா."

அதற்கு அடுத்ததைக் கண்டுபிடித்தவர்கள் கப்பல்காரர்களின் மனைவிமார். ஒரு சொல் ஒரே ஒருவருடைய புகாரில் மட்டும் இருந்தால், அதைத் தேடும்போது அந்த ஒருவருக்கு மட்டும்தான் விக்கல் வரும், அவர் எந்தக் கடலில் இருந்தாலும் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. கப்பலுக்குப் புறப்படுகிற ஆண்கள் பெட்டியோடு வாரியத்துக்கு வந்து, வேறு யாரும் எழுதியிருக்க முடியாத ஒரு சொல்லை வைத்துப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். எங்கள் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, முருங்கைப்பிசின் என்று ஒருவர் எழுதினார். குறை ஒன்றுமில்லை, கருவாட்டுச்சிரிப்பு என்று இன்னொருவர் எழுதினார். புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லோரும் உயிரே என்று எழுதிவைத்ததால், ஒருத்தி தன் புருஷனை நினைத்துத் தேடச் சொன்னபோது ஏழு கடலிலும் இருந்த ஊர் மாப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து விக்கினார்கள், அதன்பிறகு அவர்கள் வேறு சொல் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மதியங்களில் பெண்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். ஃபிலோமினா ஒவ்வொருத்தியின் சொல்லையும் ஒருமுறை தேடுவாள். எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒருவன் விக்கியிருப்பான் என்ற நம்பிக்கையோடு அவர்கள் வீடு திரும்புவார்கள். சிலருக்கு அன்று மாலையே போன் வரும்.

இதுவெல்லாம் நின்றுபோனதற்குக் காரணம் ஒரு லாரி. வளைவில் திரும்பும்போது டிரைவருக்கு விக்கல் வந்து, லாரி ஒரு வாழைக்காய்க் கடைக்குள் புகுந்தது. யாருக்கும் அடியில்லை என்றாலும் கோமதிநாயகம் பயந்துபோனார். நாளைக்கு ஏணியில் நிற்கிறவனுக்கோ கத்தி பிடிக்கிற டாக்டருக்கோ வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, தேடல் சர்வரை அணைத்து வைக்க உத்தரவு போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததால் ஃபிலோமினா மறுத்துப் பேசவில்லை. அணைத்தாள். குளிர் அறை முன்போலவே அமைதியாக இருந்தது, அவளுக்கு மட்டும் அங்கே உட்கார முடியவில்லை, டீ குடிக்கிற சாக்கில் அடிக்கடி வெளியே போனாள். புகார் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. நூர்தீன் வாங்கி ஏற்றிக்கொண்டே இருந்தார். அவை உள்ளே போய்ச் சேர்ந்தன, சொல்லடைவில் சேரவில்லை.

கார்த்திகை மாதத்தில் கடலில் மூடுபனி இறங்கியது. அந்தக் கரையில் அப்படியொரு பனியை யாரும் பார்த்ததில்லை. காற்று அடங்கி, அலை அடங்கி, வெள்ளைத் துணியால் மூடிய மாதிரி கடல் கிடந்தது. முந்தின நாள் வீசிய சுழிக்காற்றுக்கு முன்னால் போன படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன, கஸ்பாரின் வள்ளம் மட்டும் வரவில்லை. அதில் கஸ்பாரும் அவரோடு தொழிலுக்குப் போகிற வடநாட்டு ஆள் ஒருவரும் இருந்தார்கள். தேடப் போன படகுகள் பனிக்குள் ஒன்றையொன்று கூடப் பார்க்க முடியாமல் சுற்றின.

காலையில் வாரியத்தின் கதவு திறந்தபோது கஸ்பாரின் மனைவி அமலோற்பவம் படியில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். நேராகக் குளிர் அறைக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு வார்த்தை ஒண்ணு உங்க மெஷின்ல இருக்கு டீச்சர்," என்றாள். கணிப்பொறி தெரிந்தவர்களை எல்லாம் அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

கஸ்பாருக்கு இந்த விக்கல் சமாச்சாரத்தில் எல்லாம் பிடித்தம் இல்லை என்றும், தனிச்சொல் எழுதிவைக்க வாங்க என்று எவ்வளவு கெஞ்சியும் அவர் வரவில்லை என்றும், ஆனால் போன வாரம் நிஜமாகவே தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் கோபத்தில் வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார் என்றும் அவள் விவரம் சொன்னாள். அந்தக் குழாய் திறந்ததும் நாகம்போல உஸ்ஸென்று சீறிவிட்டுத்தான் தண்ணீர் விடும். அதனால் அவர் அதற்குச் சீறுவாணி என்று பெயர் வைத்திருந்தார். ஊரே சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பேசும்போது நமக்கு வாய்த்தது சீறுவாணி என்பார். புகார் சொல்ல வந்தவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். நூர்தீன் பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பி, சொன்னார் என்றும், சிரித்துக்கொண்டே தாமும் அப்படியே ஏற்றியதாகவும் சொன்னார்.

ஃபிலோமினா செயற்பொறியாளரின் அறைக்குப் போனாள். போகும்போது என்ன பேச வேண்டும் என்று நிறைய யோசித்துக்கொண்டு போனாள், பேச வேண்டியிருக்கவில்லை. அமலோற்பவம் பின்னாலேயே வந்து வாசலில் நின்றதைக் கோமதிநாயகம் பார்த்தார். எழுந்தார். சர்வரை ஏற்றச் சொன்னார். அவரே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போன் போட்டு, கடலில் தேடுகிற படகுகள் எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும் என்று ஒயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னார். எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, விக்கல் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதற்கு என்றார். உப்பளத்துறையில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. இன்ஜின்கள் அணைந்தன.

சர்வர் எழுந்தது. ஃபிலோமினா சீறுவாணி என்று அடித்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

இன்னொருமுறை அடித்தாள், சி குறிலாகவும் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அமலோற்பவம் திரையைப் பார்க்கவில்லை, ஃபிலோமினாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்கும் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவர் இல்லையென்றால் அவருடைய சொல்லும் இருக்காதோ என்று மெதுவாகக் கேட்டாள். செத்தவர்களின் சொல்லைத் தேடினால் என்ன ஆகும் என்று யாரும் அதுவரை பார்த்ததில்லை.

ஃபிலோமினாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கஸ்பார் வந்தது சர்வரை அணைத்த பிறகு. அவருடைய புகார் உள்ளே இருக்கிறது, இயந்திரம் அதை இன்னும் படிக்கவில்லை. அவ்வளவுதான். அமலோற்பவத்தின் பக்கத்தில் குனிந்து, "சொல் இருக்கு அக்கா, மெஷின் இன்னும் வாசிக்கல," என்றாள். "இப்ப வாசிக்கச் சொல்றேன்."

சொல்லடைவைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். வழக்கமாக அது ஊர் அடங்கின பிறகு தானாக ஓடுகிற வேலை, பகலில் ஓட்டினால் மற்ற எல்லா வேலைகளும் நிற்கும். நின்றன. பில் கவுன்ட்டரில் திரைகள் உறைந்தன. வரிசையில் நின்றவர்கள் என்ன என்று கேட்டார்கள், கஸ்பாருக்காக என்று தெரிந்ததும் பில்லை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அணைத்து வைத்திருந்த நாட்களில் சேர்ந்த புகார்களை எல்லாம் இயந்திரம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனது. எவருடைய அடைப்போ, எவருடைய கசிவோ, எவருடைய முருங்கைப்பிசினோ, எதையும் தாண்டாமல், எதற்கும் அவசரப்படாமல் அது படித்தது. கோமதிநாயகம் குளிர் அறைக்குள் சால்வை இல்லாமல் நின்றார். நூர்தீன் உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

முடிந்தது. ஃபிலோமினா மறுபடி அடித்தாள். ஒரே ஒரு புகார் வந்தது.

ஐயா, எங்கள் சீறுவாணி சீறி நாளாகிறது, நீங்கள் யாரும் வந்து பார்ப்பதாகவும் தெரியவில்லை என்று அது தொடங்கியது. அமலோற்பவம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அது அவர் பேசுகிற மாதிரியே இருந்தது. ஃபிலோமினா நிறுத்தவில்லை. ஒரு தேடல், ஒரு மூச்சு, மறுபடி ஒரு தேடல். கை வலித்தபோது நூர்தீன் அடித்தார், அவருக்குப் பின் கோமதிநாயகம் ஒற்றை விரலால் அடித்தார். கடைசியில் அமலோற்பவத்தையே நாற்காலியில் உட்காரவைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள் ஃபிலோமினா. தன் புருஷனை அவளே கூப்பிட்டாள்.

கடலில், பனிக்குள், கவிழ்ந்த வள்ளத்தின் மேல் இரண்டு பேரும் கிடந்தார்கள். கத்திக் கத்தி இருவருக்கும் குரல் போயிருந்தது. கஸ்பார் கண்ணை மூடிவிட்டார், அவர் நழுவிவிடாமல் வடநாட்டுக்காரர் தன் இடுப்புத் துண்டால் அவர் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு கட்டி வைத்திருந்தார். அசைவில்லாமல் கிடந்த அந்த உடம்பு திடீரென்று ஒரு விக்கு விக்கியது. விக்கலுக்குக் குரல் வேண்டாம். இன்னொரு விக்கல், இன்னொரு விக்கல் என்று விடாமல் வந்தது. அது என்ன என்று வடநாட்டுக்காரருக்குத் தெரியும், ஊரில் எத்தனையோ பேர் விக்கி அவர் பார்த்திருக்கிறார். கஸ்பாரின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்தச் சத்தம் பனிக்குள் போகட்டும் என்று வாயை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார். இன்ஜின் அணைத்து நின்ற படகுகளில் ஒன்றில் முதலில் ஒரு கிழவர் கையை உயர்த்தினார். பிறகு அடுத்த படகுக்காரர்களுக்கும் கேட்டது. விக்கல் வருகிற திசையைப் பார்த்துத் துடுப்பு போட்டார்கள். வழி தவறும்போது நிறுத்தி அடுத்த விக்கலுக்குக் காத்திருந்தார்கள். மதியத்துக்கு முன்பே இருவரையும் தூக்கிப் படகில் போட்டார்கள்.

ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோது அமலோற்பவம் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறுத்தாள். போதும், பாவம், அவர் தண்ணீர் குடிக்கட்டும் என்று நூர்தீன் சொன்ன பிறகுதான் எடுத்தாள்.

சர்வரை மறுபடி அணைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. காலை பத்து மணிக்குமேல்தான் தேடுவோம், அந்த நேரத்தில் ஏணி ஏறுகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று கோமதிநாயகம் ஊர் முழுக்க அறிவிப்பு ஒட்டினார். கஸ்பாரின் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டார்கள்.

கஸ்பார் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவரும் அமலோற்பவமும் அந்த வடநாட்டுக்காரரைப் புகார் ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நரைத்த மீசை, உப்பில் வெடித்த கை. உப்பளத்துறையில் அவர் பல வருடமாக இருந்தும் ஒருமுறைகூட விக்கியதில்லை, ஏனென்றால் அவருக்கு அங்கே வீடும் இல்லை, குழாயும் இல்லை, எழுதிக் கொடுக்க ஒரு புகாரும் இருந்ததில்லை. நூர்தீன் பெயர் என்ற கட்டத்தில் ஊர் வழக்கப்படி இந்திக்காரர் என்று அடித்துவிட்டு, முகவரிக்குக் கஸ்பார் வீட்டை எழுதிவிட்டு, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார்.

"தண்ணி நல்லாருக்கு," என்றார் அவர். "குறை இல்ல." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "மாமுனி," என்றார்.

வரிசையில் நின்றவர்கள், பெரிய பக்திமான் போலிருக்கிறது, யாரோ முனிவரைக் கும்பிடுகிறவர் என்று பேசிக்கொண்டார்கள். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டி, இடுப்பு உயரத்துக்குக் கையை இறக்கிக் காட்டி, தோளின் இரு பக்கமும் பின்னல் தொங்குவதுபோல விரலால் கோடு இழுத்தார். ஒடிசாவில் இருக்கிற மகள், வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவது. ஊர் முழுவதற்கும் அப்போதுதான் அவருக்கு ஒரு மகள் இருப்பது தெரிந்தது. அந்தச் சொல் வேறு யாருடைய புகாரிலும் இல்லை என்று ஃபிலோமினா பார்த்துச் சொன்னாள். சொல்லடைவைப் புதுப்பித்து, ஒருமுறை தேடினாள்.

அவர் விக்கினார். விக்கிவிட்டுச் சிரித்தார், சிரிப்பில் இன்னொரு விக்கல் போலச் சத்தம் வந்தது, கண் நிறைந்துவிட்டது. வரிசையில் இருந்து யாரோ ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் தன் மனைவி சீறுவாணியோடு சேர்த்து இந்தச் சொல்லையும் தேடச் சொல்வாள் என்று கஸ்பார் அறிவித்தார். அமலோற்பவம் வடநாட்டுக்காரர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"உங்க பேரு என்னண்ணே?" என்று கேட்டாள்.

"ஜலதர்," என்றார் அவர். "ஜலதர் பெஹரா."

நூர்தீன் முன்பு அடித்ததை அழித்துவிட்டு அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், பிறகு சரியாக இருக்கிறதா என்று கேட்கத் திரையை அவர் பக்கமாகத் திருப்பினார். ஜலதருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர் கிட்டத்தில் வந்து வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.